லெராம் ஓடைத் தவளை

புதுக்குடியிருப்பு, நான்காம் நீள்வீடு
அக்டோபர், ஞாயிறு மாலை

அன்புள்ள சுலிங் அப்பாவுக்கு,

உசுன் எழுதுவது. நான் நலம். உங்கள் தங்கை தெனிங்கும் அவள் வீட்டாரும் நலம். மரம் வெட்டும் முகாமில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? மலேரியா மாத்திரையைக் கசக்கிறது என்று துப்பிவிடாதீர்கள். இந்தக் கடிதத்தைப் பெரேன் கொண்டுவருவான். ஆள் மாற்றும் கூட்டத்தோடு அவனும் பாப்புவாவுக்கு வருகிறானாம். புகைபோட்ட பன்றி இறைச்சி ஒரு பொட்டலமும் மிளகும் கொடுத்திருக்கிறேன். வழியில் அவன் பாதியைத் தின்றிருந்தால் எனக்கு எழுதுங்கள்.

சுலிங் அப்பா என்று எழுதியதற்குக் கோபிக்க வேண்டாம். செத்துப்போன பிள்ளையின் பேரால் பெற்றவர்களைக் கூப்பிடக் கூடாது என்று ஊர் அன்றைக்கே நம் பேரை மாற்றிவிட்டது. தெரியும். தாளில் எழுதினால் யார் காதில் விழப்போகிறது?

இங்கே மழை பிடித்துக்கொண்டது. கூரை அதே இடத்தில் ஒழுகுகிறது. செம்பனைத் தோட்டத்தில் வேலை வாரத்தில் பாதி நாள்தான். காட்டுப் பெரணிக்கீரை பறிக்க வேண்டுமென்றால் லாரி பிடித்துப் போக வேண்டியிருக்கிறது. போன தடவை தெனிங் லாரியில் ஏறும்போது, "கீரை பறிக்கப் போறதுக்கு டிக்கெட் எடுக்கிற ஒரே சாதி நாமதான்" என்றாள். டிரைவர் சிரித்ததில் வண்டி ஆடியது.

இனி எழுத வந்ததை எழுதுகிறேன். நடந்தது நடந்தபடி எழுதுகிறேன், பயப்படாதீர்கள்.

போன மாதக் கடைசியில் பெய்த மழையில் இடுகாட்டு ஓடைக்கரை சரிந்துவிட்டது. அணைத் தண்ணீர் ஏறுவதற்கு முன்னால் பழைய ஊரிலிருந்து கொண்டுவந்த எல்லோருடைய எலும்பும் மேட்டில் இருக்கிறது, அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓடையோரம் இருந்தது நம் சுலிங்கின் எலும்புச் சாடி ஒன்றுதான். பிள்ளைக்குத் தண்ணீர் பிடிக்கும் என்று நீங்கள்தானே கேட்டு அந்த இடத்தை வாங்கினீர்கள். சாடி உடையவில்லை. ஒருபக்கம் சாய்ந்து பாதி தண்ணீரில் நிற்கிறது. மூடியில் ஒரு விரிசல். நிமிர்த்தலாம் என்று இறங்கினேன். தெனிங் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஆண்கள் வரட்டும் என்றாள். ஆண்கள் இன்னும் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் பொழுது சாயும் நேரம், மழை விட்டிருந்தது. நான் ஓடையின் கீழ்ப்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து சத்தம் வந்தது. காங்... காங்... கா.

உங்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். மற்ற ஓடைகளில் கொம்புத்தவளை, தகரத்தைத் தட்டியதுபோல ஒரு தடவை கத்திவிட்டு நிறுத்திவிடும். நம் லெராம் ஓடையில்தான் மூன்று. மூன்றாவது பாதியில் அறுந்துவிடும். லெராம் இப்போது ஏரிக்கு அடியில் இருக்கிறது. இந்தப் புது ஓடையில் நாம் வந்த நாளிலிருந்து ஒரு கொம்புத்தவளையைக்கூட யாரும் பார்த்ததில்லை, கேட்டதில்லை.

நான் என்னையறியாமல் "ஓய்" என்று பதில் கொடுத்துவிட்டேன். சுலிங் குளிக்கிற இடத்திலிருந்து கூப்பிட்டால் கொடுப்பேனே, அப்படி. உடனே அந்தப் பக்கம் அமைதியாகிவிட்டது. தவளை என்றால் ஆள் சத்தம் கேட்டு அடங்கும், சரிதான். ஆனால் அது, காதில் வாங்கிக்கொண்டு நிற்கிற ஆளின் அமைதியாக இருந்தது. ஈரத்துணியை அப்படியே வாரிக்கொண்டு வந்துவிட்டேன்.

தெனிங்கிடம் சொன்னது தப்பு. "அண்ணி, நீ எதுக்குப் பதில் குடுத்த? இனிமே அதுக்கு வழி தெரிஞ்சுபோச்சு" என்று நீள்வீட்டின் கடைசிக் குடும்பத்துக்கும் கேட்கும்படி கத்தினாள். அடுத்த நாள் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். எல்லோருக்கும் கேட்டது. தலைவர் உச்சாட் வழக்கம்போல, "லெராம்லேருந்து நடந்தே வந்திருக்கும்போல. லாரியில எடம் குடுக்காம விட்டுட்டமே" என்றார். சிரித்தார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

இப்போது பிள்ளைகளை ஓடைப்பக்கம் விடுவதில்லை. மாசமாக இருக்கும் லிரோங் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நேற்றுக் காலை வீட்டுப் படியில் ஒரு காய்ந்த இலை கிடந்தது. பெருக்கக் குனிந்தேன். இலைக்குக் கண் இருந்தது. கண்ணுக்கு மேலே இரண்டு கூர்நுனி. துடைப்பத்தைத் தூக்கிய கை இறங்கவில்லை. அது என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது, நானும் பார்த்தேன். கடைசியில் நான்தான் உள்ளே போய்விட்டேன்.

பள்ளிக்கூட வாத்தியார், இதெல்லாம் வெறும் தவளை, நிரூபிக்கிறேன் என்று கூச்சிங் அருங்காட்சியகத்துக்கு எழுதியிருக்கிறார். தவளை தேடி நம் பழைய ஊருக்கு வந்து தங்கினாரே டாக்டர் திங், சத்தம் பிடிக்கிற பெட்டியை நீங்கள் சுமந்துகொண்டு போனீர்களே, அந்த அம்மாவே வருகிறாராம். சமையலுக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஒன்று கேட்கச் சொன்னாள் தெனிங். சாடியை மூடும்போது பிள்ளையோடு வேறு ஏதாவது வைத்தீர்களா? நீங்கள் தனியாகப் போய் எலும்பை எடுத்துவந்தீர்கள், பெற்றவள் பார்க்கக் கூடாது என்றீர்கள், நானும் கேட்கவில்லை. இப்போதும் கேட்டிருக்க மாட்டேன்.

இரண்டு வரியாவது எழுதுங்கள். கர்த்தர் உங்கள் கோடரிக்கும் காலுக்கும் நடுவே கை வைத்துக் காப்பாராக.

உங்கள்
உசுன்


புதுக்குடியிருப்பு
டிசம்பர், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம்

அன்புள்ள சுலிங் அப்பாவுக்கு,

உசுன் எழுதுவது. உங்கள் கடிதம் வந்தது. நான் இரண்டு வரி கேட்டேன், நீங்கள் சரியாக இரண்டு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். சாடியைத் தொடாதே. டாக்டரைத் திருப்பி அனுப்பு. உடம்பைப் பற்றி ஒன்றும் இல்லை. பெரேன் வந்து சேர்ந்தானா, இறைச்சி கிடைத்ததா, அதுவும் இல்லை. எழுத்து மட்டும் உங்களுடையது.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே டாக்டர் வந்துவிட்டார். நான் எப்படித் திருப்பி அனுப்புவேன்? அதே மாதிரிதான் இருக்கிறார். பாசியில் வழுக்கி விழுந்துவிட்டுத் தானே முதலில் சிரிக்கிறார். பெரணிக்கீரையை மூன்று தடவை போட்டுச் சாப்பிடுகிறார். உங்களை மறக்கவில்லை. "பெட்டியத் தலையில வச்சுக்கிட்டு வெள்ளத்துல நீந்தினாரே, எங்க அவரு?" என்று கேட்டார். பாப்புவாவில் என்றேன்.

வந்த அன்று சாயங்காலமே ஓடைக்குப் போய்க் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். காங், காங், கா. கேட்டதும் அழுதுவிட்டார். சத்தமில்லாமல், மூக்கைத் துடைத்துக்கொண்டு. தூரத்தில் நின்ற தெனிங் என் காதில், "தவளைக்கே இப்படி அழறாளே, இவ புருஷன் போனா ஊரே முழுகிடும்" என்றாள். நான் அவள் தொடையில் கிள்ளினேன்.

ஏன் அழுதார் என்று சாப்பிடும்போது சொன்னார். முன்பெல்லாம் கொம்புத்தவளை எல்லாம் ஒரே இனம் என்றுதான் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார்களாம். பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்தார்களாம். "ஜாவாவுல இருக்கிறது தனி, அக்கா. மிண்டானாவோல இருக்கிறது தனி. கினபாலு மலை மேல ஒண்ணு இருக்கு, அதுவும் தனி. பாக்கிறதுக்கு எல்லாமே காஞ்ச இலைதான். எலும்பப் பாத்தா வேற, குரலக் கேட்டா வேற." பெரிய வரைபடம் ஒன்றை விரித்து வைத்தார். தெற்குத் தாய்லாந்து, மலாயா, சுமத்ரா, நம் போர்னியோ முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். எங்கெங்கே கிடைத்ததோ அங்கங்கே ஒரு புள்ளி. நம் லெராமில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி. அதன் குரலையும் கொம்பையும் பார்த்து இது வேறு எங்கும் இல்லாத இனம் என்று நிரூபித்து, நம் ஓடைப் பேரையே லத்தீனில் சேர்த்து வைத்திருக்கிறார். அது அச்சாகி வந்தபோது பள்ளத்தாக்கில் தண்ணீர் ஏறி முடிந்திருந்தது. பேர் வைத்த கையாலேயே பக்கத்தில் 'அழிந்தது' என்று எழுதினேன் என்றார்.

பாப்புவாவைக் காட்டச் சொன்னேன். மேசையின் அந்த ஓரத்தில் இருந்தது. ஒரு புள்ளிகூட இல்லை. "அந்தப் பக்கம் இந்தக் குடும்பமே போனதில்ல, அக்கா. நடுவுல ஆழக்கடல்" என்றார். அந்த வெற்றுத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் இருக்கும் இடத்தை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த நாள் நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். இங்கே எப்படி வந்தது என்பதுதான் அவருக்குப் புதிர். "இது துள்ளி வர்ற தூரம் இல்ல. யாரோ கொண்டுவந்திருக்காங்க, அவங்களுக்கே தெரியாம. இது ஓடைக்கல்லோட அடிப்பக்கம்தான் முட்டை ஒட்டும், தண்ணி தொடுற எடத்துல. யாராவது லெராம் ஓடையிலேருந்து கல்லு எடுத்துட்டு வந்தாங்களா? வீட்டுக்கு முன்னாடி போட, துணி தொவைக்க, அப்படி?"

மண்ணோடு வந்திருக்காதா என்று கேட்டேன். பழைய ஊர் மேட்டு மண், இடுகாட்டு மண்.

"மேட்டுலயா? மேட்டுல இது இருக்கவே இருக்காது, அக்கா."

நான் அரிசியை இன்னொரு தடவை களைந்தேன். அது ஏற்கனவே வெள்ளைத் தண்ணீர் விடுவதை நிறுத்தியிருந்தது.

அந்த வாரக் கடைசியில் ஊர்க்கூட்டம். சாடியை உடைத்து ஆற்றில் கரைத்துவிட வேண்டும், ஓடையில் சுண்ணாம்பு கொட்ட வேண்டும் என்று இளவட்டங்கள் எழுந்துவிட்டார்கள். லிரோங்கின் புருஷன்தான் முன்னால். "எம் பொஞ்சாதி பயந்து ஓடிட்டா. இவங்க புள்ள செத்து எத்தன வருஷமாச்சு, இன்னும் ஊரத் தூங்க விடமாட்டேங்குது" என்றான். பாதிரியார் ஜெபம் பண்ணினால் போதும் என்றார். "நீங்க போன வாரமே பண்ணீங்களே, ஐயா. அது கூடச் சேந்து பாடுச்சு" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். டாக்டர் எழுந்து அது உலகத்தில் வேறெங்கும் இல்லாத உயிர், சுண்ணாம்பு போட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று கெஞ்சினார். அவர் கெஞ்சுவது யாருக்கும் புரியவில்லை. தலைவர் என் பக்கம் திரும்பி, "உசுன், பொண்ணே, புருஷன் ஊர்ல இல்ல. நீதான் சொல்லணும்" என்றார்.

"நான் தொறந்து பாக்கிறேன். எம் பொண்ணுதான் உள்ள இருக்கான்னா யாரும் கை வைக்கக் கூடாது. இல்லேன்னா உடைங்க" என்றேன். நான் இப்படிப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது.

நீங்கள் தொடாதே என்று எழுதிய கடிதம் அப்போது என் இடுப்பில்தான் இருந்தது.

மறுநாள் மத்தியானம் போனேன். தெனிங்கும் மற்றவர்களும் மேட்டிலேயே நின்றுவிட்டார்கள். டாக்டரையும் வரவேண்டாம் என்றேன். ஓடைக்குள் இறங்கி, விரிசல் விட்டிருந்த மூடியைச் சுற்றிப் பிசினைச் சுரண்டினேன். மூடி இரண்டாகக் கையில் வந்தது.

உள்ளே கறுப்புத் தண்ணீர். அதன் மேல் பூ மாதிரி சின்னச் சின்னதாக ஏதோ. குனிந்தேன். அவை வாய்கள். தலைப்பிரட்டைகள் செங்குத்தாகத் தொங்கிக்கொண்டு, வாயை மட்டும் புனல்போல மேலே விரித்துத் தண்ணீரின் தோலில் ஒட்டிவைத்திருந்தன. சாடி முழுக்க வாய். சத்தமில்லை. ஊட்டுவதற்காக யாருக்கோ காத்திருப்பதைப்போலத் திறந்திருந்தன. என் நிழல் விழுந்ததும் எல்லாம் ஒன்றாக மூடிக் கீழே போய்விட்டன.

நான் தோள்வரை கையை விட்டேன். அடிவரை தடவினேன். வழக்கப்படி அடியில் போட்டிருந்த ஓட்டை என் விரலுக்குத் தட்டுப்பட்டது. தவளைகள் அந்த வழியாகத்தான் ஓடைக்குப் போயிருக்கின்றன, அந்த வழியாகத்தான் திரும்பி வருகின்றன. வேறு என்ன தட்டுப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். வெள்ளைக் கோடு ஓடின தட்டைக் கல். நம் குளிக்கும் துறையில்தான் அந்தக் கல் உண்டு. எல்லாம் அதே கல்தான். வேறு எதுவும் இல்லை. ஒரு பல்கூட இல்லை.

தண்ணீர் அடங்கியதும் வாய்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து விரிந்தன. கல்லைப் பழையபடி உள்ளே வைத்துவிட்டு, மூடியைச் சேர்த்து வைத்து, என் தலைத்துணியால் கட்டினேன்.

மேட்டுக்கு வந்ததும் தெனிங், "அண்ணி, உள்ள..." என்று இழுத்தாள்.

"உள்ள இருக்கா. தவளைங்க அவளுக்குத் தொணையா இருக்கு" என்றேன்.

தெனிங் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். லிரோங்கின் புருஷன் தலையைக் குனிந்துகொண்டான். தலைவர், இனி அந்த ஓடையில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். டாக்டர் மட்டும் என் கையைப் பார்த்தார். தோள்வரை ஈரமாக இருந்தது. தன் துண்டை எடுத்துக் கொடுத்தார். அவர் நல்லவர்.

சுலிங் அப்பா, ஊருக்கு நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். இப்போது நீங்கள் எனக்குச் சொல்லுங்கள். என் பிள்ளை எங்கே?

உசுன்


புதுக்குடியிருப்பு
மார்ச் மாதம்

அன்புள்ள சுலிங் அப்பாவுக்கு,

உசுன் எழுதுவது. நலம். நீங்கள் பதில் எழுதவில்லை. பெரேன் திரும்பி வந்து சொன்னான். கடிதத்தை வாங்கிக்கொண்டு மரக்கட்டைகள் அடுக்கியிருக்கும் பக்கம் போனீர்களாம், சாப்பாட்டு மணி அடித்தும் வரவில்லையாம். அப்புறம் ஒப்பந்தத்தை இன்னொரு வருடம் நீட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களாம். "மாமா நல்லா எளைச்சுட்டாரு, அத்தை" என்றான். இந்தத் தடவை அவனிடம் இறைச்சி இரண்டு பொட்டலம் கொடுத்திருக்கிறேன்.

உண்மையை எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் முழுக்க உங்களை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். கோயிலில் பாடும்போதும் திட்டினேன். பிள்ளையைத் தண்ணீருக்கடியில் விட்டுவிட்டு, கல்லைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, என்னை அழவைத்த மனிதர் என்று. தூங்கினால் அந்த வாய்கள் வந்தன. எல்லாம் என்னைப் பார்த்துத் திறந்திருந்தன.

ஜனவரிக் கடைசியில் டாக்டர் மறுபடி வந்தார். ஏரியில் தலை நீட்டிக்கொண்டிருக்கும் மலையுச்சிகள் எல்லாம் இப்போது தீவுகள். அவற்றில் எங்காவது லெராம் தவளை பிழைத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டுமாம். இருந்தால் ஒரு புள்ளி, இல்லாவிட்டால் இல்லை. பழைய இடம் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னைக் கேட்டார். நான் வருகிறேன் என்றேன். ஏன் அவ்வளவு சீக்கிரம் சொன்னேன் என்று தெரியவில்லை. நம் ஊர் இருந்த இடத்துக்கு மேலே ஒரு தடவையாவது போக வேண்டும் என்று மட்டும் இருந்தது.

பக்கத்து நீள்வீட்டு ங்காவ் படகு ஓட்டினான். நீங்கள் பார்த்ததில்லையே, அந்த ஏரியை. பட்டுப்போன மரங்கள் வெளுத்துப்போய்த் தண்ணீருக்குள் நிற்கின்றன, இலை இல்லை, பறவை இல்லை. எஞ்சினை நிறுத்தினால் காது அடைத்ததுபோல் இருக்கிறது. ங்காவ் இரண்டு தடவை, "இங்கதான் உங்க நீள்வீடு இருந்துது, அக்கா" என்று இரண்டு வேறு இடத்தைக் காட்டினான். எனக்கும் தெரியவில்லை. எல்லாப் பக்கமும் ஒரே தண்ணீர். டாக்டர் ஒவ்வொரு தீவிலும் இறங்கி இலைகளைப் புரட்டினார், குனிந்து காது கொடுத்தார், 'இல்லை' என்று குறித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம், ஒரு சின்னத் தீவுக்குப் போனோம். கரையில் ஏறி நாலு அடி வைத்ததும் எனக்குக் கால் நின்றுவிட்டது. இரண்டாகப் பிளந்து மறுபடி ஒட்டின இரும்பு மரம். அதில் ஊஞ்சல் கட்டித் தரச்சொன்ன சுலிங்கை, இடுகாட்டில் விளையாடக் கூடாது என்று அடித்தீர்களே, அந்த மரம்.

நம் இடுகாட்டு மேடு. அது முழுகவில்லை, சுலிங் அப்பா. தண்ணீர் அங்கே வந்து நின்றுவிட்டது.

பிணம் கிடத்தியிருந்த மற்ற மேடைகள் எல்லாம் திறந்து, காலியாக, கொடி ஏறிக் கிடந்தன. ஒன்று மட்டும் மூடியிருந்தது. கூரை கொஞ்சம் சாய்ந்திருந்தது. பலகையைச் சுற்றிப் பிரம்புக்கட்டு, நாம் இருவரும் சேர்ந்து கட்டியது, என் முடிச்சு எனக்குத் தெரியாதா? எல்லாம் அப்படியே இருந்தன. தலைமாட்டுப் பக்கம் இருந்த ஒரே ஒரு கட்டு மட்டும் அரிவாளால் அறுபட்டிருந்தது. பாதிவரை. மீதிப் பாதி நாராகப் பிரிந்து இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது.

நான் அதற்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் நின்ற இடம் அதுதான். ஒரு வெட்டு வெட்டியிருக்கிறீர்கள். அதற்குமேல் கை வரவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு சாடியோடு ஓடைக்கு இறங்கியிருக்கிறீர்கள், அவள் குளித்த துறைக்கு. அங்கே என்ன செய்தீர்கள் என்று நான் இனி கேட்கப்போவதில்லை.

டாக்டர் பின்னால் வந்து நின்றார். பார்த்தார், புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். என் தோளில் கை வைத்தார். அப்போதுதான் அது கேட்டது.

மூன்று சத்தம். மேடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மிகக் கிட்டத்தில். மத்தியான வெயிலில். நான் வாயைத் திறக்கப்போனேன், டாக்டர் உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டுக் கருவியை நீட்டினார். மறுபடி மூன்று. அப்புறம் இல்லை. டாக்டர் முகமெல்லாம் மலர்ந்து, "இருக்கு, அக்கா! இங்கயும் இருக்கு!" என்று ஓடினார். வெயில் இறங்கும்வரை அந்தச் சின்னத் தீவை இலை இலையாகப் புரட்டினோம். ஓடை இல்லை, ஊற்று இல்லை, ஈரமே இல்லை. தவளை என்ன, ஒரு எறும்புகூட என் கண்ணில் படவில்லை. ங்காவ் படகைவிட்டு இறங்கவே இல்லை. அவனுக்கும் கேட்டிருக்கிறது. எவ்வளவு கூப்பிட்டும், "நீங்க வாங்க, நீங்க வாங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

இருட்டுவதற்குள் கரைக்கு வந்து, டாக்டர் தீவில் பிடித்த சத்தத்தைக் கருவியில் போட்டுக் கேட்டார். பழைய லெராம் குரலோடு வைத்துப் பார்த்தார். நம் ஓடைக் குரலோடு வைத்துப் பார்த்தார். சுமத்ரா, மலாயா, ஜாவா, எல்லாவற்றோடும். முதலில் உற்சாகமாக இருந்தவர் போகப்போகப் பேச்சைக் குறைத்துக்கொண்டார். கடைசியில் காதிலிருந்து கழற்றி வைத்தார்.

"லெராம் தவளையா, டாக்டர்?" என்றேன்.

"இல்ல, அக்கா."

"வேற இனமா?"

"தவளையே இல்ல" என்றார். "என்னன்னு எனக்குத் தெரியல. எதோடயும் சேரல." பிறகு, "நீங்க கேக்கிறீங்களா?" என்று கருவியை நீட்டினார். நான் வேண்டாம் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. வரைபடத்தில் அந்தத் தீவின் மேல் பென்சிலை வைத்தார், ஆனால் புள்ளி வைக்கவில்லை. பென்சிலை எடுத்துவிட்டார். அன்று அவர் கீரைக்குக்கூட இன்னொரு தடவை கை நீட்டவில்லை.

இங்கே சாடி அப்படியே இருக்கிறது. ஆண்கள் கடைசியில் வந்து சுற்றிலும் கல் அடுக்கி, அதற்குமேல் சாயாமல் செய்துவிட்டார்கள். ஓடையில் இப்போது பல இடத்திலிருந்து கூப்பிடுகின்றன. லிரோங் கைக்குழந்தையோடு திரும்பி வந்துவிட்டாள், ஆண் பிள்ளை. தவளைக்குப் பயந்து ஓடினவள் இப்போது அந்தச் சத்தம் கேட்டால்தான் பிள்ளை தூங்குகிறது என்கிறாள். கூச்சிங்கிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். உள்ளே இருப்பது என்ன என்று உங்களையும் என்னையும் தவிர, டாக்டருக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். அவர் எழுதிய அறிக்கையில், "மக்கள் இடம்பெயர்ந்தபோது ஓடைக்கற்களோடு வந்து சேர்ந்தது" என்று மட்டும் இருக்கிறதாம். யார் கொண்டுவந்த கல், எதில் என்று இல்லை.

நான் அந்தத் தீவுக்கு மறுபடி போக வேண்டும். ங்காவ் வரமாட்டான். டாக்டரைக் கூப்பிட எனக்கு மனமில்லை. இது அவர் வேலை இல்லை. நான் தனியாகத் துடுப்புப் போட்டுப் போவேன், ஏரிக்குப் பயமில்லை. அங்கே அவள் முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கத்தான் பயமாக இருக்கிறது. அந்த மத்தியானம் கேட்டதைத் தனியாகக் கேட்க என்னால் முடியாது. அவள் ஆறு வயதுப் பிள்ளை. அவளும் இத்தனை நாள் தனியாகத்தான் இருந்திருக்கிறாள்.

மே மாதத்துக்குப் பிறகு தண்ணீர் இறங்கிவிடும், பட்ட மரங்கள் தலை நீட்டும், படகு போகாது என்கிறார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் வரமுடியாது என்று எனக்குத் தெரியும். தலைவர் உச்சாட்டைக் கம்பெனிக்கு எழுதச் சொல்லியிருக்கிறேன், வீட்டில் ஆளுக்கு உடம்பு சரியில்லை என்று. அது பொய்யும் இல்லை.

அந்தப் பாதி அறுந்த பிரம்பை நான் தொடவில்லை. முழுக்க அறுப்பதென்றாலும், மறுபடி கட்டுவதென்றாலும், ஒரு முனையைப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். நாம் கட்டும்போதும் நீங்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்தான். கர்த்தர் உங்களைக் கடல் தாண்டிப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வாருங்கள்.

உங்கள்
உசுன்